அணு உலைக்கு வேலைக்குப் போன மகளுக்கு

கஸ்தூரி,

நீ முதல் பஸ்ஸைப் பிடிக்கப் போன அன்று உன் அம்மா வடித்த சோறு அப்படியே கிடந்தது. நீயும் சாப்பிடவில்லை, நாங்களும் சாப்பிடவில்லை. சாயங்காலம் அதில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் உன் பேச்சை எடுக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் யாரும் அவ்வளவாக எடுக்கவில்லை. கோட்டைக்குப்பத்தில் மற்றவர்கள்தான் எடுத்தார்கள். டீக்கடையில் நான் பேப்பர் படிக்கும்போது ரஷ்யா என்ற வார்த்தை வந்தால் போதும், எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள், ஏதோ அங்கே வெடித்த அணு உலையை நான் கட்டியதுபோல. உன் வேலையைப் பற்றிச் சண்டை வந்த அன்றைக்கு வீட்டில் எல்லோரும் பேசினீர்கள். நான் ஒருவன்தான் பேசவில்லை. நீ அதை எப்படி எடுத்துக்கொண்டாய் என்று எனக்குத் தெரியாது. படகு எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து என் இடது காது போய்விட்டது என்பது உனக்குத் தெரியும். பாதி சண்டை எனக்குக் கேட்கவே இல்லை. கேட்ட பாதிக்குப் பதில் சொல்லவும் உடம்பில் தெம்பில்லை. எனக்கு நிதானமாகத்தான் பேச வரும். அதனால் எழுதுகிறேன்.

நான் பாயும் கோலும் வைத்துப் படகு விட்ட காலம் உனக்கு அவ்வளவாக நினைவிருக்காது. பழவேற்காட்டுக் காதர் பாயின் படகு அது. ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற குப்பங்களிலிருந்து ஆட்களையும் இறால் கூடைகளையும் இந்தக் கரைக்குக் கொண்டுவருவேன். காற்று இருந்தால் சீக்கிரம் வருவோம், இல்லையென்றால் கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டு வருவோம். இப்போது சிலர் பாய்மரத்தைப் பற்றி அழகாக எழுதுகிறார்கள். அவர்கள் சித்திரை மாத மத்தியானத்தில், காற்று செத்துக் கிடக்கிற நேரத்தில், காய்ச்சல்காரனைப் படுக்கவைத்த படகில் உட்கார்ந்து பார்த்ததில்லை. அவனுடைய பெண்சாதி என் கோலையே பார்த்துக்கொண்டிருப்பாள். கோடையில் தண்ணீர் வற்றினால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும், இறங்கித் தள்ளவேண்டும். இறால் கூடை கரைக்கு வருவதற்குள் நாறிப்போனால் வியாபாரி மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்விடுவான். அந்தக் காலம் திரும்ப வரவேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. என் தோள் ஆசைப்படவிடாது.

எழுபதுகளின் ஆரம்பத்தில் காதர் பாய் அந்தப் படகில் டீசல் எஞ்சின் வைத்தார். முதல் நாள் ஊரே கரையில் நின்றது. நீ எஞ்சின் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, அது அதிர்வதற்கு ஏற்றபடி ஆ என்று குரல் கொடுத்துச் சிரித்தாய். உன் சித்தப்பா ஏகாம்பரம்தான் எஞ்சினைப் பார்த்துக்கொண்டான். என்னைவிட அவனுக்குக் கை ஓடும். அதைத் துடைப்பான், அதனோடு பேசுவான். நான் சுக்கான் பிடித்தேன். காற்றைப் பார்க்காமல், நேரத்தைப் பார்த்துக் கிளம்புவது என்பது எங்கள் இருவருக்கும் எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று உனக்குச் சொன்னால் புரியாது. பள்ளிக்கூட வாத்தியார் மணி தவறாமல் வந்தார். இறால் கெடாமல் ஐஸுக்கு வந்து சேர்ந்தது.

கொஞ்ச நாளில் வேறு பேச்சு வந்தது. தண்ணீருக்குள் சுற்றுகிற எஞ்சின் விசிறி வலையை அறுக்கிறது என்றார்கள். தண்ணீர் மேல் வானவில் மாதிரி எண்ணெய் மிதக்கிறது, நண்டைச் சமைத்தால் டீசல் வாடை வருகிறது என்றார்கள். பொய் இல்லை, நம் வீட்டுக் குழம்பிலேயே வந்தது. பஞ்சாயத்து கூடியது. காதர் பாயும் வந்து உட்கார்ந்தார். கடைசியில் ஏரியில் ஒரு வழி குறித்து, இரண்டு பக்கமும் மூங்கில் நட்டு, எஞ்சின் படகு அதைத் தாண்டக்கூடாது என்று முடிவு செய்தார்கள். இது உனக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு புது வசதி வந்தால் அதற்கு வேலி போட்டு வைத்துக்கொள்ளத்தான் எங்களுக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை, அவிழ்த்துவிடவும் பயமாக இருந்தது.

அப்புறம் அரபு நாட்டுப் பக்கம் சண்டை வந்தது. எங்கேயோ யாரோ சண்டை போட்டால் நம் ஏரியில் படகு நிற்கும் என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டோம். பொன்னேரியில் டீசலுக்கு வரிசை. தகர டப்பாவோடு காலையில் போய் நின்றால் மத்தியானம் இல்லை என்று சொல்லி அனுப்புவார்கள். விலை ஏறியதுகூட இரண்டாவதுதான், பொருளே கிடைக்கவில்லை. ஒரு லாரிக்காரனிடம் சில்லறையாக வாங்கினோம். அதில் பெட்ரோல் கலந்திருந்தது. அவன் கலந்தானா, அவனுக்குக் கொடுத்தவன் கலந்தானா, இன்றுவரை தெரியாது.

அந்தக் காலை நீயும் படகில் இருந்தாய், அந்தக் கரைக் குப்பத்தில் உன் பெரியம்மா வீட்டில் இருந்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்தாய். இறால் கூடைப் பெண்களும் இருந்தார்கள். பாதி ஏரியில் எண்ணெய் தீர்கிற மாதிரி எஞ்சின் இருமியது. நிறுத்திவிட்டு ஊற்றச் சொன்னேன். நின்றால் இந்த எண்ணெய்க்குத் திரும்பக் கிளம்பாது என்றான் சித்தப்பா. அதுவும் சரிதான், அதைச் சுற்றிக் கிளப்புவதற்குள் அவன் தோள் கழன்றுவிடும். ஓடுகிறபோதே ஊற்றினான். டப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டப்பா வாயில் நெருப்பு. அவன் அதைக் கீழே போட்டிருக்கலாம், போட்டிருந்தால் அவன் கை தப்பியிருக்கும். படகு முழுக்கப் பெண்கள், நடுவில் நீ. எரிகிற டப்பாவைப் பிடித்தபடியே இரண்டு எட்டு வைத்துப் படகின் ஓரத்துக்குப் போய்த் தண்ணீரில் எறிந்தான். அதற்குள் எஞ்சின் பெட்டியும் பிடித்துக்கொண்டது. எல்லோரையும் குதிக்கச் சொன்னேன். நம் ஏரி ஆழமில்லாதது என்று எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அந்த ஆழமில்லாததுதான் எல்லோரையும் காப்பாற்றியது. திரும்பிப் பார்த்தபோது நீ மார்பளவு தண்ணீரில் புத்தகப் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றாய். அழவில்லை. சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அவன் கையை வெட்டவேண்டி வரவில்லை, ஆனால் விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என்னைக் கேட்டாய், "நெருப்பே இல்லாம படகு ஓடாதா நைனா?" என்று. நான் களைத்துப்போயிருந்தேன். பெரியவளானதும் நீயே கண்டுபிடி என்றேன். ஒரு குழந்தையின் வாயை அடைக்கச் சொல்கிற வார்த்தை அது. நீ அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

காதர் பாய் எரிந்த படகைப் பழுதுபார்த்து வேறு எஞ்சின் வைத்தார். நான் மறுபடி அதே படகில் ஏறினேன், வேறு வழியில்லை. சித்தப்பா ஏறவே இல்லை. கரையில் வலை பின்னப் பார்த்தான், விரல் வராது. ஐஸ் பாக்டரியில் காவலுக்கு உட்கார்ந்தான். எஞ்சின் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவான்.

நீ மெட்ராஸில் பௌதிகம் படிக்கிற காலத்தில், ஒரு கோடை விடுமுறையில் வந்து நெருப்பில்லாத படகு வேலையை ஆரம்பித்தாய். காதர் பாயின் பழைய லாரி பேட்டரிகள், எங்கிருந்தோ கழற்றிய ஒரு மோட்டார், நீயே அளவு சொல்லிக் கொல்லனிடம் அடித்து வாங்கிய சின்ன விசிறி. உன் அம்மாவுக்கு வெட்கம். வயசுப் பெண் கரையில் கிரீஸ் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டே உனக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்தாள். பேட்டரியை ஐஸ் பாக்டரியில் வைத்து சார்ஜ் ஏற்றினாய். சித்தப்பா காவல் இருந்தான், அதைத் தொட யாரையும் விடவில்லை.

ஓடியது, கஸ்தூரி. நான் ஏரியில் எத்தனையோ விதமாகப் போயிருக்கிறேன், அப்படி ஒருமுறையும் போனதில்லை. சத்தமே இல்லை. படகுக்கு அடியில் மடவை மீன் துள்ளுவது என் நல்ல காதுக்குக் கேட்டது. சித்தப்பா அன்றைக்குத்தான் நெருப்பு பிடித்த பிறகு முதல்முறையாக மோட்டார் வைத்த படகில் ஏறினான். கையை மோட்டார் மேல் வைத்துச் சூட்டைப் பார்த்தான். "வெதுவெதுன்னுதான் கீது" என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். பாதி ஏரியில் மோட்டார் மெதுவாகி நின்றுவிட்டது. நான் கோலை எடுத்தேன். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், ஆனால் கணக்குப் போட்டுக்கொண்டே சிரித்தாய்.

முந்தின நாள் கரண்ட் கட்டாகி சார்ஜ் பாதியில் நின்றுபோனது என்று பிறகுதான் தெரிந்தது. அந்த வருஷம் எப்போது கரண்ட் இருக்கும், எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும். அன்று சாயங்காலம் காதர் பாய் நம் வாசலுக்கு வந்து உட்கார்ந்தார். அங்கேதான் அந்தப் பெரிய வாக்குவாதம் ஆரம்பித்தது, அது இன்றுவரை முடியவில்லை என்று நினைக்கிறேன். டீசலை விட்டால் வேறென்ன என்பதுதான் பேச்சு. பிரேசிலில் கரும்புச் சாராயத்தில் கார் ஓட்டுகிறார்களாம் என்று காதர் பாய் எங்கேயோ படித்ததைச் சொன்னார். நம் ஊரில் ஊற்றினால் எஞ்சினுக்கு மிச்சம் இருக்காது என்றான் சித்தப்பா. சாணி எரிவாயுவைப் பற்றி நீ சொன்னாய், படகுக்கு ஆகாது என்று நீயே தள்ளினாய். காற்றில் சுற்றுகிற இயந்திரம் வைத்து பேட்டரி ஏற்றலாம் என்றேன் நான், பாய்மரம் பிடித்தவனுக்கு வேறென்ன தோன்றும். ஏற்றலாம், ஆனால் காற்று விழுந்த நாளில் பழைய பாய்மரப் படகு மாதிரிதான் அதுவும் நிற்கும் என்றாய். கடைசியில் எல்லாம் கரண்டில் வந்து முடிந்தது. கரண்ட் நிலக்கரியில் வருகிறது, அணையில் வருகிறது. மழை பொய்த்தால் அணை இல்லை. நிலக்கரியும் டீசல் மாதிரி ஒருநாள் தீரும், அதுவரை புகைதான் என்றாய். பிறகு அணுவைப் பற்றிச் சொன்னாய். ஒரு கூடையில் அடங்குகிற பொருள் பல ரயில் வண்டி நிலக்கரியின் வேலையைச் செய்யும் என்று சொன்னபோது உன் முகத்தைப் பார்த்தேன். எஞ்சின் பெட்டியின் மேல் உட்கார்ந்து ஆ என்று கத்திய முகம்.

சித்தப்பா கேட்டான், "கரிய எரிச்சா சாம்பல் வரும். இதுல இன்னா வரும்?"

"இதுலயும் சாம்பல் மாதிரி ஒண்ணு வரும் சித்தப்பா. கொஞ்சந்தான் வரும். ஆனா பத்திரமா வச்சிக்கணும்."

"எத்தினி நாளிக்கு?"

"ரொம்ப காலத்துக்கு. நீ, நானு, நமக்கு அப்பால வர்றவங்க, அவங்களுக்கும் அப்பால."

நீ சித்தப்பாவை அதோடு விடவில்லை. நைனா இத்தனை வருஷம் ஏரியில் கொட்டிய டீசல் எங்கே போயிருக்கும், மேலே போன புகை எங்கே போயிருக்கும், அதை யார் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாய். காதர் பாய் எழுந்து, இவளை எதிர்த்துப் பேச அரைவயிறு ஆகாது, சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போனார். ஜெயித்தது நீ என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நினைத்தோம். நீ மட்டும் அப்படி நினைக்கவில்லை போலிருக்கிறது. படுக்கப் போகுமுன் என்னிடம் வந்து, சித்தப்பா கேட்டது நல்ல கேள்வி நைனா என்றாய்.

தெற்கே கடலோரத்து அணுமின் நிலையத்தில் உனக்குப் பயிற்சிக்கு இடம் கிடைத்தபோது நான்தான் கூட வந்தேன். உன்னை விடுதியில் விட்டுவிட்டு, பஸ் வர நேரமிருந்ததால் தூரத்தில் நின்று அந்தப் பெரிய கட்டடத்தைப் பார்த்தேன். சத்தம் இல்லை, புகை இல்லை. ஒன்றுமே நடக்காததுபோல் இருந்தது. என் வாழ்நாளில் சத்தமும் புகையும் இல்லாமல் எதுவும் ஓடிப் பார்த்ததில்லை, உன் பேட்டரிப் படகைத் தவிர. பெருமையாக இருந்தது என்று சொன்னால் அது பாதிதான். மிச்சப் பாதிக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஆரம்பாக்கத்துச் சம்பந்தம் வந்தது. பையன் ரயில்வேயில் இருக்கிறான், பார்க்கவும் பேசவும் நல்லவன், நீயும் சரி என்றாய். உன் அம்மா எத்தனை நாளுக்குப் பிறகு பாட்டு முணுமுணுத்தாள் என்று எனக்குத்தான் தெரியும். நிச்சயம் வைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்த வாரம்தான் ரஷ்யாவில் உலை வெடித்த செய்தி வந்தது. டீக்கடையில் எல்லோருக்கும் கேட்க நான்தான் பேப்பரைப் படித்தேன். ஊரையே காலி செய்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள், திரும்பி வரக்கூடாதாம் என்று படித்ததும் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். மிச்சத்தை வேறொருவன் வாங்கிப் படித்தான்.

ஆரம்பாக்கத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். நான் போனேன். அங்கே நடந்ததை உன் அம்மா உனக்கு ஒருவிதமாகச் சொல்லியிருப்பாள். நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். அவர்கள் என்னை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். டீ கொடுத்தார்கள், நாற்காலி போட்டார்கள். பையனின் அப்பா நெஞ்சில் ஒன்றும் ஒளிக்காத மனுஷன். உன்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. நாளைக்குப் பிறக்கப்போகிற குழந்தையைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்கிற பெண்ணுக்குக் குழந்தை எப்படி இருக்கும் என்று அவருடைய வீட்டுப் பெண்கள் அழுகிறார்களாம்.

"ஒண்ணும் ஆவாதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க," என்றார். "நான் நம்பறேன். அவங்களயும் நம்ப வக்கிறேன்."

ஒரு வார்த்தைதான், சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் போகும்போதே அதைத்தான் சொல்லப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் முகத்துக்கு நேராக அது வரவில்லை. "எனக்குத் தெரியாதுங்க," என்றேன். "அவளுக்குத் தெரியும். ஒருவாட்டி அவளையே கேளுங்க."

பெண்ணைக் கூப்பிட்டு வைத்து இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்றார் அவர். எனக்கும் அது புரிந்தது. அவள் வேலையை விட்டுவிட்டால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, தை மாதம்வரை பொறுத்திருக்கிறோம் என்றார். டீயைக் குடித்துவிட்டு நெடுஞ்சாலைக்கு நடந்தேன். அன்றிலிருந்து உன் அம்மா என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. ஒரு பொய் சொல்லியிருந்தால் பெண் வாழ்ந்திருப்பாளே என்கிறாள். ஒருவேளை அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அது பொய்யா நிஜமா என்றே எனக்குத் தெரியாது கஸ்தூரி. தெரியாததை உண்மை என்று சொல்லி ஒரு வீட்டுக்கு உன்னை அனுப்பினால், நாளைக்கு உனக்குக் குழந்தை ஜுரத்தில் படுத்தால்கூட அந்த வீடு உன்னைத்தான் பார்க்கும்.

நீ லீவில் வந்தபோது நடந்தது உனக்குத் தெரியும். வேலையை விடு, பழவேற்காட்டில் டீச்சர் வேலைக்குக் கேட்கலாம் என்று அம்மா ஆரம்பித்தாள். அந்த உலை வேறு மாதிரி, இந்த உலை வேறு மாதிரி என்று நீ விளக்க ஆரம்பித்தாய். அவளுக்கு உலை என்றால் அரிசி போடுகிற உலைதான். அவள் பிள்ளை சுமக்கிற வயிற்றைப் பற்றிப் பேசினாள், நீ இரும்பைப் பற்றிப் பேசினாய். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்கவே இல்லை. அப்போதுதான் அதுவரை உன் பக்கம் நின்ற சித்தப்பா வாய் திறந்தான்.

"என் கையில புடிச்ச நெருப்பு தண்ணி பட்டதும் அணைஞ்சிபோச்சி," என்றான். "அது அணையுமா கஸ்தூரி?"

நீ அவனிடம் மட்டும் சத்தம் போடவில்லை. "நிறுத்திடலாம் சித்தப்பா. ஆனா நிறுத்துன பிறகும் உள்ள சூடு இருக்கும். தண்ணி வுட்டுகினே இருக்கணும். அதுக்குத்தான் நாங்கல்லாம் அங்க கீறோம்."

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். நீ என் பக்கம் திரும்பி, "நீயாவது சொல்லு நைனா," என்றாய். அது என் நல்ல காதுப் பக்கம்தான். கேட்டது. நான் சொல்லவில்லை.

அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். நீ எதிர்பார்த்தது இது இல்லாமல் இருக்கலாம். போ என்றோ வா என்றோ சொல்ல எனக்கு வாயில்லை. வாழ்நாள் முழுக்க எண்ணெய் எரித்துப் பிழைத்தவன் நான். காற்று எங்களைக் காக்கவைத்தது. எண்ணெய் சீக்கிரம் கொண்டுபோனது, உன் சித்தப்பாவின் கையை எடுத்துக்கொண்டது, என் காதை எடுத்துக்கொண்டது, நண்டில் நாறியது. உன் அணு எதை எடுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. எடுத்துக்கொள்ளாது என்று எவனாவது சொன்னால் அவனை நம்பாதே, அவன் உனக்கு மேலதிகாரியாக இருந்தாலும். அங்கே சந்தேகம் வந்தால் வாய்விட்டுச் சொல். நிறுத்தினால் பெயர் கெடும், நஷ்டம் வரும், திரும்பக் கிளம்பாது என்று காரணம் சொல்லுவார்கள். எந்த வேலையிலும் அந்தக் காரணம் உண்டு, பல நேரம் அது நியாயமாகவும் இருக்கும். அப்படியும் நிறுத்தச் சொல்.

என்றைக்காவது ஒருநாள் அந்த வேலையில் உனக்கு நம்பிக்கை போய்விட்டால், அன்றைக்கே கிளம்பி வா. நாங்கள் சொன்னதுதான் நடந்தது என்று யாராவது பேசுவார்களோ என்று கூசிக்கொண்டு அங்கேயே இருக்காதே. இந்த வீட்டில் அப்படி யாரும் பேசமாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். நம்பிக்கை இருக்கிறவரை, கல்யாணத்துக்காக விடாதே. விட்டுவிட்டுப் போனால் அந்தப் பையன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் ஒருநாள் அவனைப் பார்த்து உனக்குக் கோபம் வரும். இன்னொன்றும் சொல்லவேண்டும். நீ அங்கே போனது படகுக்காக. பெரிய கட்டடத்துக்குள் உட்கார்ந்திருக்கும்போது அது மறந்துபோகும். அங்கே உண்டாகிற கரண்ட் மெட்ராஸ் பங்களாவில் ஏசி ஓடத்தான் போகிறது என்றால், நம் ஏரியில் அதே டீசல்தான் எரியும் என்றால், உன் சித்தப்பாவுக்கு என்ன பதில் சொல்வாய்? பேட்டரி வேலையை விட்டுவிடாதே. லீவு நாளில் செய்.

ஆரம்பாக்கத்துக்குப் போன வாரம் நானே போய், அவள் வேலையை விடமாட்டாள், நீங்கள் காத்திருக்கவேண்டாம், பையனுக்கு வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீ போன காலையில் அம்மாவிடம் சொன்ன முடிவு அதுதான், அதை உன் வாயிலிருந்து அவர்கள் கேட்கவேண்டிய நிலைமை உனக்கு வேண்டாம் என்று பட்டது. அந்த மனிதர் தலையை ஆட்டினார். உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. முழுத்தூரமும் நின்றுகொண்டே வந்தேன், வீடு வந்ததும் படுத்துவிட்டேன். இப்போதெல்லாம் எதைச் செய்தாலும் இப்படித்தான் அசதி வந்துவிடுகிறது. காதர் பாயும் படகை விற்றுவிடலாம் என்று யோசிக்கிறார், டீசல் விலைக்குக் கட்டுபடியாகவில்லை என்கிறார். விற்கட்டும். இனிமேல் என்னால் சுக்கான் பிடித்து உட்காரவும் முடியவில்லை.

உன் அம்மாவிடம் சம்பந்தம் முறிந்தது என்று சொன்னபோது அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. இரண்டு நாள் வீட்டு வேலையைச் செய்துகொண்டிருந்தாள். நேற்று நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்து மீன் முள்ளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "டீசல்னா வாட வரும். பொகன்னா கண்ணு எரியும். அந்த அணு மேல பட்டா எப்பிடித் தெரியும்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். இதற்கும் தெரியவில்லையா என்று அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"அப்ப அவளக் கேட்டு எழுதுங்க," என்றாள். "அவளுக்கு எப்பிடித் தெரியுதுன்னு கேளுங்க. பட்டா இன்னா பண்ணுவாங்கன்னும் கேளுங்க. எனக்குப் புரியற மாதிரி எழுதச் சொல்லுங்க."

எழுது கஸ்தூரி. கஷ்டமான வார்த்தை இருந்தால் அதற்கு நம் பேச்சில் ஒரு வார்த்தை கண்டுபிடித்துப் போடு. கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது. படித்துக் காட்டப்போகிறவன் நான்தான்.

உன் நைனா